பழைய காரும் பிரேக்கின் வரலாறும்

பெங்களூர் நகரம் கடல் மட்டத்திலிருந்து ஏறத்தாழ 920 மீட்டர் உயரத்தில், தக்காணப் பீடபூமியின்மேல் அமைந்துள்ளது. அங்கே வாழும் தமிழ் மக்கள் பொங்கலுக்கோ, உறவினர் திருமணத்துக்கோ, ஊர்த் திருவிழாவுக்கோ தாயகம் புறப்பட்டால், எந்த வழியே சென்றாலும் இறங்கியே தீரவேண்டும். ஓசூரைக் கடந்ததும் சூளகிரியை அடுத்த மேலுமலையில் ஓர் இறக்கம். தருமபுரிக்கும் சேலத்துக்கும் இடையே தொப்பூர்க் கணவாயில் மற்றோர் இறக்கம். சாமராசநகர் வழியாகச் சத்தியமங்கலம் செல்வோர் திம்பம் மலைப்பாதையின் 27 கொண்டை ஊசி வளைவுகளில் இறங்க வேண்டும். ஆகவே பெங்களூர்த் தமிழரின் காரில் எஞ்சினைக் காட்டிலும் முதன்மையான உறுப்பு பிரேக்கே என்று கூறினால் அது மிகையாகாது.

பிரேக் திடீரென்று கெட்டுவிட்டது என்னும் சொல்லை விபத்துச் செய்திகளில் நாம் அடிக்கடி காண்கிறோம். உண்மையில் பெரும்பாலான பிரேக்குகள் முன்னறிவிப்பின்றிக் கெடுவதில்லை. பல நாள், சில வேளை பல மாதம், அவை குறிப்புக் காட்டிக்கொண்டே இருக்கின்றன. அக்குறிப்புகளை உணர்வதற்கு எளிய வழி ஒன்று உண்டு. அது பிரேக் வளர்ந்த வரலாற்றை அறிதல். ஒவ்வொரு காலத்திலும் ஒரு குறை தோன்றிற்று; அதனை நீக்க அடுத்த அமைப்புப் பிறந்தது. பழைய காரில் நாம் காணும் கோளாறு, பெரும்பாலும் வரலாற்றில் என்றோ தோன்றிய அக்குறைகளுள் ஒன்றாகவே இருக்கும். அக்கதையைச் சுருக்கமாக நோக்குவோம்.

மோட்டார் தோன்றுமுன் வண்டிகளை நிறுத்த மனிதன் கண்ட வழி மிக எளியது. சக்கரத்தின் விளிம்பின்மேல் மரக்கட்டையை அழுத்தினான். கட்டை தேய்ந்தது, சரிவான பாதையில் புகையவும் செய்தது. இங்கிலாந்தில் டார்பிசயர் மாவட்டத்துக் குன்றுப் பாதைகளில் வண்டிக்காரர்கள் பழைய காலணித் தோலைக் கட்டையின்மேல் அறைந்து ஓட்டினார்களாம். அதனைக் கண்ட ஹெர்பர்ட் புரூட் என்பார், தேயாமலும் வழுக்காமலும் பற்றக்கூடிய பொருளைச் செய்ய முற்பட்டு, 1897 ஆம் ஆண்டில் தொழில் தொடங்கினார் என்பர். இன்றும் நம் கடைகளில் விற்கும் பெரோடோ என்னும் லைனிங்கின் தொடக்கம் அதுவே. புரூட் என்ற பெயரின் எழுத்துகளை மாற்றியமைத்துப் பிறந்த பெயர் பெரோடோ. ஆக, இத்தொழில் பிறந்ததற்கே காரணம் மலைச்சரிவு என்பதை நாம் நினைவிற் கொள்ளலாம்.

1902 ஆம் ஆண்டு பிரேக் வரலாற்றில் சிறப்புமிக்கது. அவ்வாண்டில் பிரான்சு நாட்டு லூயி ரெனோ, டிரம் பிரேக்கை உருவாக்கினார். சக்கரத்தோடு சுழலும் இரும்புப் பேழை ஒன்று; அதனுள்ளே பிறைவடிவான இரண்டு ஷூக்கள்; மிதித்தவுடன் அவை விரிந்து பேழையின் உட்சுவரைப் பற்றும். அதே ஆண்டில் இங்கிலாந்தில் பிரெடரிக் லான்செஸ்டர், சுழலும் தட்டை இருபுறமும் கவ்வும் டிஸ்க் பிரேக்குக்குக் காப்புரிமை பெற்றார். எனினும் அக்காலச் சாலைப் புழுதியிலிருந்து உட்பாகங்களைக் காத்த டிரம் அமைப்பே வென்றது. டிஸ்க் அரை நூற்றாண்டு காத்திருந்தது.

டிரம்மில் ஒரு நயமும் உண்டு, அதற்குள்ளேயே ஒரு தீங்கும் உண்டு. இரு ஷூக்களில் முன்னது, சக்கரம் சுழலும் திசையிலேயே இழுக்கப்பட்டுத் தானாகவே மேலும் இறுகும். ஆகவே குறைந்த மிதியில் நிறைந்த பிடி கிடைக்கிறது. ஆனால் லைனிங்கின் பற்றும் தன்மை சிறிது மாறினாலும் பிடி பெரிதும் மாறிவிடும். ஒரு சக்கரத்து லைனிங்கில் சிறிது கிரீஸ் பட்டாலும், மழை நீர் புகுந்தாலும், இரு பக்கத்துப் பிடியும் ஒவ்வாமற் போய், வண்டி ஒரு பக்கமாக இழுக்கும். பிடி வலுத்துள்ள பக்கம் நோக்கியே வண்டி இழுக்கும் என்பதால், இடப்பக்கம் இழுக்கும் காரில் பெரும்பாலும் வலப்பக்கச் சக்கரத்தையே முதலில் கழற்றிப் பார்ப்பர் அனுபவம் மிக்க மெக்கானிக்குகள். வண்டியைக் கழுவிய பின்னரோ மழைக்குப் பின்னரோ தோன்றும் இழுப்பு, மெதுவாகச் சென்று சில முறை மிதித்தால் உலர்ந்து நீங்கும். நீங்கவில்லையெனில் உள்ளே கசிவு உண்டென்று கொள்க.

தொடக்க காலத்தில் மிதியின் விசையைச் சக்கரத்துக்குக் கொண்டுசென்றவை இரும்புக் கம்பிகளும் கேபிள்களும். நான்கு கம்பிகளும் ஒரே அளவில் இழுபட வேண்டும். ஒன்று நீண்டால் வண்டி கோணும். இக்குறை இன்றும் ஓரிடத்தில் உயிரோடிருக்கிறது. பழைய காரின் ஹேண்ட் பிரேக் இன்றும் கேபிளால்தான் இயங்குகிறது. கேபிள் துருப்பிடித்து உறைக்குள் இறுகினால், லீவரை விட்ட பின்னும் ஷூ விடுபடாது, பின்சக்கரம் சூடேறும். கேபிள் நீண்டுவிட்டாலோ மேட்டில் நிறுத்திய வண்டி நகரும். மேட்டில் வண்டி நிறுத்துவோர் கியரிலும் போட்டு, சக்கரத்துக்குக் கல்லும் வைப்பது இக்காரணத்தாலேயே.

நான்கு சக்கரங்களுக்கும் ஒரே விசை சென்று சேரும் வழியைப் பதினேழாம் நூற்றாண்டிலேயே பிளேசு பாஸ்கல் கூறிச் சென்றிருந்தார். மூடிய குழாயில் அடைபட்ட திரவத்தின் ஓரிடத்தில் கொடுத்த அழுத்தம் எல்லாப் பக்கமும் குறையாது பரவும் என்பது அவர் விதி. அவ்விதியைக் காருக்குப் பயன்படுத்தி 1917 ஆம் ஆண்டில் காப்புரிமை பெற்றவர் அமெரிக்கரான மால்கம் லாகீடு. விமானத் தொழிலில் புகழ்பெற்ற லாக்ஹீடு என்னும் பெயரும் இக்குடும்பத்தைச் சார்ந்ததே. 1921 ஆம் ஆண்டில் டியூசன்பர்க் கார் நான்கு சக்கரங்களிலும் ஹைட்ராலிக் பிரேக்குடன் வெளிவந்தது. முதலில் தோலால் செய்த வாஷர்கள் கசிந்தன. 1924 இல் கிரைஸ்லர் நிறுவனத்தார் ரப்பர் வாஷர்களை அமைத்துக் கசிவைக் கட்டுப்படுத்தினர். பின்னர் 1934 இல் அறிமுகமான மாரிஸ் எயிட் போன்ற சிறு கார்களுக்கும் இவ்வமைப்பு வந்தது.

இங்கே நம் மொழி வழக்கில் உள்ள ஒரு சொல்லைக் குறித்து எச்சரிக்க விரும்புகிறோம். பட்டறைகளில் யாவரும் பிரேக் ஆயில் என்றே கூறுகின்றனர். தொடக்க நாளில் இத்திரவம் ஆமணக்கெண்ணெயையும் ஆல்கஹாலையும் கலந்தே செய்யப்பட்டதால் அப்பெயர் அன்று ஒருவாறு பொருந்தியிருக்கலாம். பிற்காலத்துத் திரவமோ கிளைகால் என்னும் வகையைச் சார்ந்தது; அது எண்ணெய் அன்று. ஆயில் என்ற சொல்லை நம்பி, வழியில் அவசரத்துக்கு எஞ்சின் ஆயிலை அத்தொட்டியில் ஊற்றுவோர் உளர். கனிம எண்ணெய் பட்டவுடன் பிரேக்கின் ரப்பர் வாஷர்கள் உப்பிச் சீர்கெடும். ஒரு கரண்டி எண்ணெய், மாஸ்டர் சிலிண்டர் முதல் நான்கு சக்கரச் சிலிண்டர்கள் வரை உள்ள ரப்பர் அனைத்தையும் மாற்ற வைத்துவிடும்.

அத்திரவத்துக்கு மற்றோர் இயல்பும் உண்டு. அது காற்றிலுள்ள ஈரத்தை உறிஞ்சும். டாட் 3 என்னும் தரத்துத் திரவம் புதியதாயிருக்கையில் குறைந்தது 205 டிகிரி செல்சியசு வரை கொதிக்காது இருத்தல் வேண்டும். ஈரம் ஏறிய நிலையில் அதற்குரிய வரம்பு 140 டிகிரியே. டாட் 4 தரத்துக்கு இவ்வெண்கள் 230, 155. திரவம் கொதித்தால் குழாயினுள் ஆவி தோன்றும். திரவம் சுருங்காது, ஆவி சுருங்கும். எனவே நாம் மிதிக்கும் மிதி ஆவியைச் சுருக்குவதிலேயே கழிந்து, சக்கரத்தைச் சென்று சேராது. இரண்டு ஆண்டுகளுக்கு ஒரு முறை திரவத்தை முழுதும் மாற்ற வேண்டும் என்று கூறுவதன் காரணம் இதுவே.

இனி நம் நாட்டுக் கதைக்கு வருவோம். இந்தியாவில் மோட்டார்த் தொழிற்சாலை அமைக்க 1930களில் திட்டம் தீட்டியவர்களுள் முதன்மையானவர் மைசூரின் முன்னாள் திவான் மோ. விசுவேசுவரய்யா. தொழிலதிபர் வால்சந்த் ஹீராசந்தோடு மைசூர் அரசும் அம்முயற்சியில் ஆர்வம் காட்டிற்று. 1940 ஆம் ஆண்டின் இறுதியில் வால்சந்தின் விமானத் தொழிற்சாலை பெங்களூரில் எழுந்தது. மோட்டார்த் தொழிற்சாலை மட்டும் அன்றைய ஆட்சியாளரின் ஆதரவின்றி அங்கு எழவில்லை. அது 1944 இல் பம்பாயில் பிரீமியர் ஆட்டோமொபைல்ஸ் என்ற பெயரில் தோன்றிற்று. அந்நிறுவனம் செய்த பியட் 1100 வகைக் காரே 1974 முதல் பிரீமியர் பத்மினி எனப் பெயர் பெற்றது. அம்பாசிடர் கல்கத்தாவை அடுத்த உத்தரபாராவிலும், ஸ்டாண்டர்டு ஹெரால்டு 1961 முதல் சென்னையிலும் உருவாயின. பெங்களூர்ச் சாலைகளில் நெடுங்காலம் ஓடியவை இவையே.

இக்கார்கள் நம் சந்தைக்கு வந்த அதே காலத்தில் பிற நாடுகளில் பிரேக் வேகமாக மாறிக்கொண்டிருந்தது. 1953 ஆம் ஆண்டு பிரான்சின் லெ மான் பந்தயத்தில் டன்லப் டிஸ்க் பிரேக் பூண்ட ஜாகுவார் வென்றது. அப்பந்தயத்தில் சராசரி வேகம் மணிக்கு 100 மைலைக் கடந்த முதல் வெற்றி அது. விரைந்தோடும் கார் வளைவின் அண்மை வரை வந்து நம்பிக்கையோடு வேகத்தைத் தணிக்க முடிந்ததே அவ்வெற்றியின் மறைபொருள். 1955 இல் சித்ரோயன் நிறுவனத்தார் மக்கள் வாங்கும் காரிலேயே டிஸ்க்கை அமைத்தனர். 1962 இல் காடிலாக் கார், ஒன்றுக்கு இரண்டாகத் தனித்தனித் திரவச் சுற்றுகளோடு வந்தது. 1968 முதல் அமெரிக்காவில் இது சட்டப்படி கட்டாயமாயிற்று.

இரட்டைச் சுற்றின் அருமையை நாம் உணர்தல் வேண்டும். பழைய பியட், அம்பாசிடர், ஹெரால்டு முதலியவற்றில் நான்கு சக்கரங்களிலும் டிரம் பிரேக்; நான்குக்கும் திரவம் செல்வது ஒரே சுற்றில். எங்கேனும் ஒரு குழாய் விரிந்தால், ஒரு வாஷர் கிழிந்தால், நான்கு சக்கரங்களின் பிடியும் ஒருங்கே போகும். இரட்டைச் சுற்றில் ஒன்று போனாலும் மற்றது வண்டியை நிறுத்தும். நம் நாட்டில் போட்டியும் இறக்குமதியும் குறைந்திருந்த காரணத்தால் பழைய அமைப்பே பல பத்தாண்டுகள் நீடித்தது. 1983 டிசம்பரில் மாருதி 800 வெளிவந்த பின்னரே புதிய முறைகள் பரவலாயின. ஆகவே பழைய கார் வாங்குவோர் அது எந்த ஆண்டில் செய்யப்பட்டது என்று கேட்பதோடு, அதன் பிரேக் எந்தக் காலத்தது என்றும் கேட்டறிதல் நன்று.

பெங்களூரும் சிறு கார் செய்யாமல் இருக்கவில்லை. 1970களில் சன்ரைஸ் ஆட்டோ நிறுவனம் பாதல் என்னும் மூன்று சக்கர வண்டியைச் செய்தது. 1980களில் சிபானி நிறுவனத்தார் இங்கிலாந்தின் ரிலையண்ட் கிட்டன் காரைத் தழுவி டால்பின் என்னும் சிறு காரை வெளியிட்டனர். 848 கன செண்டிமீட்டர் எஞ்சினும், துருப்பிடிக்காத கண்ணாடி நார் உடலும் கொண்ட எடை குறைந்த வண்டி அது. மாருதியின் போட்டிக்கு முன் அது நெடுநாள் நிற்கவில்லை. உற்பத்தி நின்றுபோன இத்தகைய கார்களை வைத்திருப்போருக்கு வண்டியின் உடல் கெடாதிருந்தாலும், பிரேக்கின் வாஷரும் சிலிண்டரும் கிடைப்பதே கவலை.

உதிரிப் பாகங்களைப் பொறுத்தவரை தமிழகம் பெருமை கொள்ளலாம். மதுரையில் பேருந்துத் தொழிலால் வளர்ந்த டி. வி. சுந்தரம் அய்யங்கார் குழுவினர், இங்கிலாந்தின் லூக்கசு நிறுவனத்தோடு சேர்ந்து 1962 இல் பிரேக்ஸ் இந்தியாவைச் சென்னையில் தொடங்கினர். 1964 இல் ரானே பிரேக் லைனிங் நிறுவனமும் அங்கே எழுந்தது. பெங்களூர் ஜே. சி. ரோட்டில் உதிரிப் பாகம் வாங்கச் செல்லும் தமிழர், தம் ஊர்ச் சரக்கையே வேற்று ஊரில் கேட்டு வாங்கும் நிலை இவ்வாறு ஏற்பட்டது. அங்கும் போலிச் சரக்கு உண்டு. விலை குறைந்த லைனிங் சமதரையில் நன்றாகவே நிறுத்தும். அதன் குணம் சரிவில்தான் வெளிப்படும். மற்றொன்றும் கூறவேண்டும். பழைய லைனிங்குகளில் கல்நார் கலந்திருக்கும். அதன் தூசி புற்றுநோய் விளைவிப்பது என்று இன்று ஐயமற நிறுவப்பட்டுள்ளது. டிரம்மைக் கழற்றித் தூசியை வாயாலோ காற்றுக் குழாயாலோ ஊதும் பழக்கத்தை விட்டு, ஈரத் துணியால் துடைக்கச் சொல்லுதல் மெக்கானிக்குக்கும் அவர் அருகே நிற்கும் பையனுக்கும் நாம் செய்யும் நன்மை.

சரிவில் நிகழ்வதைச் சிறு கணக்கால் விளக்கலாம். உதகமண்டலத்திலிருந்து மசினகுடிக்கு இறங்கும் கல்லட்டிப் பாதையில் 36 கொண்டை ஊசி வளைவுகள் உண்டு. இறங்கும் உயரம் ஏறத்தாழ ஆயிரம் மீட்டர் அல்லது அதற்குச் சற்று மிகுதி. ஆயிரம் கிலோ எடையுள்ள கார் ஆயிரம் மீட்டர் இறங்கும்போது வெளிப்படும் ஆற்றல், ஏறத்தாழ 30 லிட்டர்த் தண்ணீரைச் சாதாரண நிலையிலிருந்து கொதிநிலைக்குக் கொண்டுவரப் போதுமானது. அவ்வெப்பம் எங்கேனும் செல்லவேண்டும் அன்றோ? நியூட்ரலில் விட்டு, பிரேக்கை மிதித்துக்கொண்டே இறங்குவோர் அதில் பெரும்பகுதியை நான்கு சிறு டிரம்களுக்குள் திணிக்கின்றனர். டிரம் சூடேறி விரிந்து ஷூவை விட்டு விலகும். லைனிங்கின் பற்று குறையும். திரவம் கொதிக்கத் தலைப்படும். மூன்றும் சேர்ந்தால் மிதி தரையைத் தொடும்; வண்டி நிற்காது. ஓடிக் களைத்த பிரேக் என்று இதனைக் கூறலாம்.

இதற்கு மருந்து எஞ்சினே. எந்தக் கியரில் மேடேற முடியுமோ அதே கியரில் இறங்க வேண்டும் என்பது பழைய ஓட்டுநர்களின் விதி. இரண்டாம் கியரில் இறங்கும்போது எஞ்சினே வண்டியைப் பிடித்து நிறுத்துகிறது. பிரேக்குக்கு இடையிடையே இளைப்பாற நேரம் கிடைக்கிறது. பெட்ரோல் மிச்சம் என்று எண்ணி எஞ்சினை அணைத்து இறங்குவோர் இருவகைத் துணையையும் இழக்கின்றனர். எஞ்சினின் பிடி போவதோடு, எஞ்சினின் உறிஞ்சு விசையால் மிதியை இலேசாக்கும் சர்வோ அமைந்த கார்களில் அதுவும் சில மிதிகளுக்குள் தீர்ந்துவிடும். மிச்சமாகும் பெட்ரோலின் விலை சில ரூபாய். வண்டியில் அமர்ந்திருப்பதோ ஒரு குடும்பம்.

இனி, பிரேக் காட்டும் குறிப்புகளைத் தொகுத்துக் கூறுவோம். மிதி பஞ்சுபோல் அமுங்கினால் குழாயில் காற்றுப் புகுந்துள்ளது. காற்றை வெளியேற்றுவதோடு அது புகுந்த வழியையும் தேடவேண்டும். முதல் மிதியில் ஆழ்ந்து சென்று, இரண்டாம் மிதியில் மேலெழுந்தால் லைனிங் தேய்ந்து ஷூவின் இடைவெளி மிகுந்துள்ளது என்பது பெரும்பாலும் பொருந்தும். பழைய டிரம்களில் இதனைக் கையால் சரிசெய்ய வேண்டும். காலை அழுத்தியபடியே வைத்திருக்க மிதி மெல்ல மெல்ல இறங்கினால், வெளியே கசிவு காணாவிடினும், மாஸ்டர் சிலிண்டரின் வாஷர் தேய்ந்துள்ளது. மிதி கல்போல் இருந்தும் வண்டி நிற்கவில்லையெனில் லைனிங் பளபளத்துப்போயிருக்கலாம், அல்லது சர்வோ செயலற்றிருக்கலாம். இரும்பை இரும்பு அராவும் ஓசை கேட்டால் லைனிங் தீர்ந்து ரிவெட்டு டிரம்மை வெட்டுகிறது. அதன்பின் ஒரு நாளும் தாழ்த்தலாகாது. ஓடி நின்றபின் ஒரு சக்கரம் மட்டும் மிகுதியாகச் சுட்டால் அங்குள்ள பிரேக் விடுபடவில்லை. வளையும் ரப்பர்க் குழாய் உட்புறம் உப்பி அடைத்திருக்கவும் கூடும். திரவத் தொட்டியின் மட்டம் திடுமெனக் குறைந்தால், ஊற்றி நிரப்பிவிட்டுப் புறப்படுவது அறிவுடைமையன்று. குறைந்தது எங்கே சென்றது என்று காணவேண்டும்.

சட்டமும் இதற்கு ஓரளவு துணை செய்கிறது. சொந்தக் காரின் பதிவு 15 ஆண்டுகளுக்குரியது. பின்னர் வண்டியைச் சோதித்தே ஐந்தாண்டுக்கு ஒரு முறை பதிவைப் புதுப்பிப்பர். தமிழகப் பதிவோடு வந்து வேறு மாநிலத்தில் 12 மாதங்களுக்கு மேல் வண்டியை வைத்திருப்போர் அங்கே மறுபதிவும் பெறவேண்டும். இவற்றை வெறும் அலுவலகத் தொல்லை என்று கருதுவோர் பலர். பெயரளவில் நடக்கும் சோதனையைக் கேட்டுப் பெறுவது எளிது. ஆனால் தொப்பூர்க் கணவாய் சான்றிதழைப் பார்ப்பதில்லை.

பிரேக்கின் கதை இன்னும் முடிந்தபாடில்லை. சக்கரம் பூட்டிக்கொண்டு வழுக்குவதைத் தடுக்கும் மின்னணு அமைப்பை, 1978 இல் ஜெர்மனியின் போஷ் நிறுவனமும் மெர்சிடிஸ் பென்சும் காரில் கொண்டுவந்தன. அதே போஷ் குழுவின் இந்தியத் தொழில் 1951 முதல் பெங்களூரோடு தொடர்புடையது. நம் நாட்டில் 2019 ஏப்ரல் முதல் புதிய கார்கள் யாவற்றுக்கும் அவ்வமைப்புக் கட்டாயமாக்கப்பட்டது. 2001 ஆம் ஆண்டில் பெங்களூரில் வெளிவந்த ரேவா என்னும் சிறு மின்சாரக் கார், வேகத்தைக் குறைக்கும்போது வீணாகும் ஆற்றலில் ஒரு பகுதியைத் திரும்பவும் மின்கலத்தில் சேர்த்தது. மரக்கட்டையில் புகையாகப் போன ஆற்றல், நூறாண்டுக்குப் பின் மீண்டும் வண்டியை ஓட்டப் பயன்பட்டது என்க.

புதிய கார் வாங்க எல்லோராலும் இயலாது. பழைய காரை ஓட்டுவது குறையும் அன்று. அதன் அமைப்பு எளியது; அது கெடும் விதமும் எளியது. ஊருக்குப் புறப்படுவதற்கு முன்தினம் அரை நாளைப் பட்டறையில் செலவிட்டு, நான்கு டிரம்களையும் கழற்றிப் பார்க்கச் சொல்லுங்கள். திரவத் தொட்டியின் மூடியைத் திறந்து மட்டத்தையும் நிறத்தையும் நோக்குங்கள். வண்டி நின்ற நிலையில் பிரேக்கை மிதித்து, நூறு எண்ணும் வரை காலை எடுக்காதிருங்கள். மிதி இறங்காது நின்றால் மறுநாள் புறப்படலாம். இறங்கினால், அதனைச் சரிசெய்த பின்னரே ஓசூர்ச் சாலையில் வண்டியைத் திருப்புங்கள்.